அமானிதமாக வந்த கணினி

அவர் வீட்டுக்குள் யார் காலெடுத்து வைத்தாலும் ஸலாமுக்குப் பதில் வருமுன் இன்னொன்று வரும்.

"மேசையில கை வைக்காதீங்க."

பள்ளிவாசல் இமாம் வந்தாலும் அதுதான். மின்மானி வாசிக்க வருபவர் வந்தாலும் அதுதான். சொல்லிவிட்டுத்தான், "வஅலைக்கும் ஸலாம், கதிரைய இழுத்துப் போட்டு இரிங்க" என்பார். அப்போதும் கண் வந்தவருடைய முழங்கையிலேயே இருக்கும். குசினி அடுப்படியிலிருந்து அவருடைய மனைவி, "ஊருக்கெல்லாம் கடமை அஞ்சு. எங்கட வீட்டில ஆறு. ஆறாவது அந்த மேசையத் தொடாம இரிக்கிறது" என்று குரல் கொடுப்பார். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் அதே பகிடி. ஒவ்வொரு தடவையும் அவர் புதிதாகக் கேட்பவர்போலச் சிரிப்பார்.

மேசையில் இருந்தது ஒரு பழைய வீட்டுக் கணினி. எண்பதுகளில் இங்கிலாந்தில் விற்றது. கறுப்பு நிறம், ஒரு பாடப்புத்தகத்தின் அளவு. விசைகள் எழும்பி நிற்பதில்லை. றெக்சின் விரிப்பில் அச்சடித்ததுபோலத் தட்டையாக இருக்கும். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தால் திரையில் எழுத்து வரும். அதன் நினைவகத்தில் ஒரு பக்கக் கட்டுரைகூட அடங்காது. அதனால் அதை வைத்திருந்தவர்கள் அந்தக் காலத்திலேயே அதற்கு வெளியிலிருந்து துண்டுகளைச் செருகிப் பெருப்பித்தார்கள். உலகத்தின் எங்கெங்கோ மூலைகளில் இன்னும் பெருப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். வரைபடங்களை இணையத்தில் எல்லோருக்குமாகப் போடுகிறார்கள். புத்தளம் கரைத்தீவிலிருந்த இவரும் அவர்களில் ஒருவர்.

கணினியின் முதுகில் ஒரு நீள வெட்டு உண்டு. அதற்குள் பார்த்தால் சுற்றுப்பலகையின் விளிம்பும், அந்த விளிம்பில் பல்வரிசைபோலச் செப்புக் கோடுகளும் தெரியும். அந்த விளிம்பைக் கவ்வுகிற ஒரு செருகி. அதன் பின்னால் நினைவகப் பலகை. அதற்குப் பின்னால், கசெற் நாடாவுக்குப் பதிலாக மெமரி காட் போடும் பலகை. கடைசியில் இசை எழுப்புகிற ஒன்று. எல்லாம் அவர் கையால் பூட்டியவை. இந்த நீள வால் தொங்கி விழாதபடி பழைய செருப்புகளிலிருந்து வெட்டிய றப்பர்த் துண்டுகளை அடியில் முட்டுக்கொடுத்திருப்பார். ஆணியோ திருகாணியோ கிடையாது. வெறும் கவ்வல்தான். யாராவது மேசையில் முழங்கையை ஊன்றினால் வால் மயிரிழை ஆடும், தொடுப்பு விடும், திரை வெள்ளையாகும். அதுவரை தட்டியதெல்லாம் போய்விடும். அவர் முதலிலிருந்து தொடங்குவார்.

நான் புத்தளத்தில் பௌதிகவியல் படிப்பித்து உப அதிபராக ஓய்வு பெற்றவன். ஆய்வுகூடத்தில் கழித்துப் போட்ட சாமான்களில் ஒரு சிறிய மின்மாற்றி கிடைக்குமா என்று கேட்டுத்தான் அவர் முதன்முதல் என்னிடம் வந்தார். எதற்கு என்று நான் கேட்டேன். அவர் சொன்னதை நம்பாமல் அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். பிறகு சில ஆண்டுகளுக்குப் போகாத வாரம் குறைவு. ஓய்வு எனக்கு ஒத்துவரவில்லை. தெருவில் என்னைக் கண்டு சைக்கிளிலிருந்து இறங்கிய பிள்ளைகள் இப்போது இறங்குவதில்லை. இதை ஒரு பெரிய துன்பம்போல எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் பின்னால் நான் செய்ததற்கு இதுதான் வேர். ஆகவே எழுதித்தான் ஆக வேண்டும்.

அவர் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவர் செய்த பலகைகளில் பாதி முதல் தடவை வேலை செய்யாது. ஒருமுறை வரைபடத்தைப் பின்பக்கமாகப் பார்த்துச் செருகியைத் தலைகீழாகப் பூட்டிவிட்டார். நல்ல வேளையாக மின்சாரம் கொடுக்குமுன் நான் கண்டேன். பிழையைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் நான்தான். எனக்கு அது பெருமையாக இருந்தது. "சேர் இல்லாட்டி இது தகரம்" என்று அவர் சொல்லும்போது வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அது காதில் கேட்கும்.

இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ போனபோது, மிக இயல்பான ஒரு யோசனையைச் சொன்னேன். அவரை நான் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் அழைப்பேன். "நானா, இந்தச் செருகியை விளிம்போட சேர்த்து ஈயத்தால ஒட்டிவிட்டா என்ன? பிறகு ஆட்டமே இருக்காதே."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

"சேர், இது என்ட இல்லையே."

அப்போதுதான் கதையைச் சொன்னார். தொண்ணூறுக்கு முன்னர் அவர் மன்னாரில் தபாற்கந்தோரில் எழுதுவினைஞர். அதே கந்தோரில் பக்கத்துக் கதிரையில் ஒரு தமிழ் நண்பர். நண்பருடைய அண்ணன் இலண்டனிலிருந்து அனுப்பிய கணினி அது. நண்பர் வீட்டில் தொலைக்காட்சி இல்லாததால் இரண்டு பேரும் இவர் வீட்டில் இருந்துதான் அதைத் தட்டுவார்கள். தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டபோது நண்பர் குடும்பத்தோடு வள்ளமேறி இராமேஸ்வரம் போனார். போகுமுன் வந்து, "நான் வாறவரைக்கும் இதை வச்சிரு" என்று கொடுத்தார். சில மாதங்களில் எங்கள் முஸ்லிம் சனங்களையும் இயக்கத்தார் வடக்கிலிருந்து போகச் சொல்லிவிட்டார்கள். இவரும் மனைவியும் கைக்குழந்தையோடு கற்பிட்டிக்கு வந்த வள்ளத்தில் ஏறினார்கள். மனைவியின் நகையை இவர் மறந்துவிட்டார். கணினியை மறக்கவில்லை. வாளிக்குள் வைத்து, மேலே குழந்தையின் துணிகளைப் போட்டு மூடிக் கொண்டுவந்தார். பாதி வழியில் வாளிக்குள் கடல் புகுந்தது. கற்பிட்டியில் இறங்கியதும் முதல் வேலையாகக் கிணற்றடிக்குப் போய், கணினியைத் திறந்து நல்ல தண்ணீரில் கழுவினாராம்.

"குடிக்கத் தண்ணி கேட்டு நிண்ட சனம் ஏசினது சேர்" என்றார். "ஏசத்தானே செய்யும். ஆனா அமானிதம் இல்லையா?"

அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். அதைப் பயன்படுத்தலாமா என்று அவர் ஒரு மௌலவியிடம் கேட்டிருக்கிறார். உரியவர் அனுமதி தந்திருந்தால் பழுதாக்காமல் பயன்படுத்தலாம் என்று மௌலவி சொன்னாராம். நண்பர் எப்போதும் "தட்டு மச்சான், தட்டு" என்று சொன்னவர்தானே. அதனால் தட்டலாம். வெளியிலிருந்து செருகலாம். ஆனால் எதையும் வெட்டக்கூடாது, துளைக்கக்கூடாது, ஈயம் வைக்கக்கூடாது. உரியவன் வந்து கேட்டால் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் கழற்றிவிட்டு, அவன் தந்த மாதிரியே கையில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் செருகியைக் கழற்றுவார். பக்கத்துக் களப்பு நீரிலிருந்து வரும் காற்றின் உப்பு செப்பில் பச்சை பிடிக்காதபடி பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் அந்தக் கோடுகளைத் துடைப்பார். துடைத்து முடிந்ததும் பழைய தபாற்கந்தோர்ப் பழக்கத்தில், முத்திரை குத்துவதுபோலக் கைமுட்டியால் தன் தொடையில் ஒரு குத்து.

"அவர் இப்ப எங்க?" என்று கேட்டேன்.

"தெரியாது சேர்."

"உசிரோட?"

"தெரியாது. அது என்ட வேலை இல்லையே. வச்சிருக்கிறதுதான் என்ட வேலை."

இந்தக் குணம் கணினியோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மக்காவுக்கு உம்ரா போகும்போது ஓர் ஆட்டை இவரிடம் விட்டுப் போனார். இவர் பார்த்த பார்வையில் ஆடு கொழுத்துவிட்டது. உரியவர் வருவதற்கு ஒரு கிழமைக்கு முன்னர் இவருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தந்த மாதிரி இல்லையே என்று. "மனுசன் ஆட்டைப் பட்டினி போட்டு மெலிய வைக்கப் பாத்தார். நான்தான் களவாத் தவிடு வச்சேன்" என்று மனைவி சொல்ல, அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அவர் என்ன நினைப்பாரோ எண்டுதான்" என்றார். நாங்கள் மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

சிரிக்க முடியாததும் இருந்தது. அவர்கள் இருந்த காணி புத்தளத்துக்காரர் ஒருவருடையது. வந்து இறங்கியவர்களுக்கு, ஊர் திரும்பும்வரை இருந்துகொள்ளுங்கள் என்று கொடுத்தது. சுற்றிவர இருந்தவர்கள் காலப்போக்கில் கல்வீடு கட்டிவிட்டார்கள். காணிக்காரரே இவரிடம் வந்து, "கட்டுங்க நானா, நான் எழுதித் தாறேன்" என்று சொல்லியிருக்கிறார். இவர் கட்டவில்லை. பலகையும் தகரமுமாக, திருகாணிகளால் பூட்டிய வீடு. ஒரு நாளில் கழற்றி லொறியில் ஏற்றலாம் என்று எனக்குப் பெருமையாகக் காட்டினார். பங்குனி வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே உட்கார முடியாது. அவருடைய மனைவிக்கு வெக்கையில் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்திருக்கும். ஒருநாள் அவர் தொழப் போயிருந்த நேரம் அந்த அம்மா என்னிடம் சொன்னார்:

"சேர், எங்கட வாப்பா என்னையும் இவரிட்ட அமானிதமாத்தான் குடுத்தவர். அதைச் சொல்லிப் பாருங்க உங்கட கூட்டாளிக்கு."

நான் சொல்லவில்லை. அந்த ஆளுடைய பிடிவாதத்தைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. அதன் வெக்கை என் மேல் விழவில்லை.

பிறகு அவர் கண்ணில் புரை விழுந்தது. செப்புக் கோடுகளை எண்ண முடியவில்லை என்றார். சிலாபம் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை. அதன்பின் சில வாரங்கள் சிலாபத்திலேயே மகள் வீட்டில் தங்க வேண்டும். பூட்டிய தகர வீட்டுக்குள் கணினியை வேக விட முடியாது. ஆகவே என்னிடம் கொண்டுவந்தார். என் மேசையில் தானே வைத்து, றப்பர்த் துண்டுகளைத் தானே முட்டுக்கொடுத்தார்.

"ஓட்டிப் பாருங்க சேர். பழுதில்ல. ஆனா இரும்பு மட்டும் கிட்ட வரக்கூடாது."

இரும்பு என்றது ஈயம் ஒட்டும் சூட்டுக்கோலை. நான் ஓம் என்றேன். "எனக்குத் தெரியாதா நானா?" என்றுகூடச் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் நான் படிப்பித்த பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி வந்தது. பழைய ஆசிரியர் என்று என்னையும் அழைத்தார்கள். அவருக்குத் தொலைபேசி எடுத்து, கணினியைக் கொண்டுபோய்க் காட்டலாமா என்று கேட்டேன். "கொண்டு போங்க சேர், பிள்ளையள் பாக்கட்டும்" என்றார். அதுவரைக்கும் பிழையில்லை.

முதல்நாள் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. கணினியில் எழுத்துகளால் ஆன ஒரு வள்ளம் வலைகளுக்குள் அகப்படாமல் களப்பைக் கடக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அவர் எழுதியது. அதைத் தொடக்குவேன், யாராவது மேசையில் இடிப்பார்கள், திரை வெள்ளையாகும். மறுபடி தொடக்குவேன், மறுபடி போகும். "சேர்ட வள்ளம் கவிண்டுபோச்சுது" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்த, வகுப்பறை முழுவதும் சிரித்தது. அடுத்தநாள் பிரதம விருந்தினராக வரவிருந்தவர் என் பழைய மாணவர். இப்போது கல்வித் திணைக்களத்தில் பெரிய உத்தியோகம். அவர் முன்னிலையில் இப்படி நடந்தால் என்று நினைத்துப் பார்த்தேன்.

அன்று பின்னேரம் வீட்டில் சூட்டுக்கோலை எடுத்தேன்.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கோட்டுக்கும் ஈயம் வைக்கும்போதும் அவர் சொன்னது நினைவில் இருந்தது. அதற்கு மறுமொழியும் தயாராக இருந்தது: உரியவர் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது, வரப்போவதில்லை. இவருக்கும் இது நன்மைதான். எத்தனை வருடமாக இந்த ஆட்டத்தோடு மாரடிக்கிறார். கண் தெளிந்து வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார். படித்தவனுடைய மூளை இப்படித்தான் தனக்கு வேண்டியதற்கு நியாயம் எழுதிக் கொடுக்கும்.

ஒட்டு நன்றாக அமைந்தது. தொழில் என்று பார்த்தால் அதில் குறை சொல்ல எதுவுமில்லை. மறுநாள் நான் மேசையில் கையால் தட்டிக்காட்டினேன், திரை அசையவில்லை. வள்ளம் களப்பைக் கடந்தது. என் பழைய மாணவர் என் தோளில் கைபோட்டு, கணினியும் நானுமாகப் படம் எடுத்து முகநூலில் போட்டார். மன்னாரிலிருந்து வந்த கணினி என்று நான் சொன்னதையும் கீழே எழுதினார். அந்த நாள் எனக்குப் பெருநாள்போல இருந்தது.

அந்தப் படம் கை மாறிக் கை மாறிக் கனடா போயிற்று.

ஒரு காலை சிலாபத்திலிருந்து அவர் பேசினார். குரல் உடைந்திருந்தது. யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"சேர், அவன் இரிக்கிறான்! கனடாவில இரிக்கிறான்! உங்கட போட்டோவப் பாத்துப் பாடசாலைக்கு அடிச்சு, அங்கயிருந்து என்ட நம்பர் எடுத்திரிக்கிறான். ஆவணியில மடு மாதா திருவிழாவுக்கு வாறானாம். உங்களாலதான் சேர். எல்லாம் உங்களாலதான்." கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, "மெஷின் பத்திரமா?" என்றார்.

"பத்திரம்" என்றேன். அந்த நேரத்தில் அது பொய்யில்லை.

"எல்லாத்தையும் கழட்டி வைங்க சேர். வால் வேணாம். அவன் தந்தது மட்டும் இருந்தாப் போதும்."

போனை வைத்துவிட்டு மேசைக்குப் போனேன். ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுக்கலாம். எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். ஆனால் அந்தக் காலத்துப் பலகைகளில் செப்பு மெல்லிய ஏடுபோலப் பசையில் ஒட்டியிருக்கும். சூடு கூடினால் பிடி விட்டுவிடும். இது கடலில் நனைந்து காய்ந்த பலகை வேறு. ஓர் ஆசிரியராக, இதை யாராவது கேட்டிருந்தால் நானே விளக்கியிருப்பேன். பதற்றத்தில் சூட்டுக்கோலை அழுத்திப் பிடித்தேன். செருகியை இழுத்தேன். அது வந்தது. அதோடு செப்புக் கோடுகளும், அவித்த மரவள்ளியின் தோல்போல உரிந்து வந்தன. விளிம்பு மொட்டையாகிவிட்டது. உரிந்த கோடுகள் உள்ளே இருந்தவற்றையும் கிழித்திருக்க வேண்டும். மின்சாரம் கொடுத்தபோது திரையில் ஒன்றும் வரவில்லை.

அவர் கறுப்புக் கண்ணாடியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். மனைவியும் கூட வந்திருந்தார். நான் கணினியைத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். எதையோ முதலில் சொல்ல வேண்டும் என்று பல வசனங்கள் யோசித்திருந்தேன். அதற்குள் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப நல்லாத் தெரியுது சேர். உங்கட முகத்தில இவ்வளவு சுருக்கம் இரிக்கெண்டு எனக்குத் தெரியாது" என்று சிரித்துக்கொண்டே துணியை அவிழ்த்தார். முதுகைத் திருப்பிப் பார்த்தார். விரலை அந்த விளிம்பில் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தடவினார்.

"இரும்பு வச்சீங்களா?"

"ஓம்."

"ஏன் சேர்?"

"ஆடிச்சு நானா. சனம் சிரிச்சது."

"அது ஆடத்தானே செய்யும்" என்றார். கோபமாக அல்ல. விளங்காதவர்போல.

அதே மாதிரி இன்னொன்றை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கிறேன் என்றேன். அச்சு அசலாக அதே மாதிரிக் கிடைக்கும் என்றேன். "அது அவன்ட இல்லையே" என்றார். மெல்லிய கம்பிகளால் அறுந்த இடங்களைத் தொடுத்துப் பார்க்கலாம் என்றேன். "இனி ஒண்டும் செய்ய வேணாம் சேர்" என்றார். துணியில் திரும்பச் சுற்றினார். மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. ஆட்டோவில் ஏறும்போது கணவர்தான் எனக்கு ஸலாம் சொன்னார்.

ஆவணியில் நண்பர் வந்தார். என்னையும் பார்க்க வேண்டும் என்று அவரே கேட்டாராம். நான் போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் நண்பரிடம் உண்மை சொல்லப்படும், நான் இல்லாத இடத்தில் என்னைப்பற்றிப் பேசப்படும் என்று பயந்து போனேன். உண்மையான காரணம் அதுதான்.

நண்பர் பெரிய உடம்புக்காரர், வெள்ளைச் சப்பாத்து, வாடகை வானிலிருந்து இறங்கும்போதே கத்திக்கொண்டு வந்தார். "டேய் மச்சான்! தலைமயிர் எங்கையடா?" இரண்டு கிழவர்களும் முற்றத்தில் கட்டிப்பிடித்து நின்ற நேரம், வானின் சாரதிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடியப்பமும் களப்பு இறாலும் சாப்பிட்டோம். கந்தோர்க் கதைகள், செத்துப்போன போஸ்ட்மாஸ்டரின் கதைகள். நண்பர் சொல்லச் சொல்ல இவர் குழந்தைபோலச் சிரித்தார். வட்டிலப்பம் வந்தபோது இவர் எழுந்து போய் அந்தத் துணிப்பொட்டலத்தைக் கொண்டுவந்து நண்பரின் மடியில் வைத்தார்.

"இது உன்ட அமானிதம். நீ தந்த மாதிரி இல்ல. என்ட கையால பழுதாப் போச்சு."

எனக்குக் கையில் வட்டிலப்பத் தட்டு. வாயில் கரண்டி. நான் எடுக்கவில்லை.

நண்பர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இதையா நீ இவ்வளவு காலமும் காவிக்கொண்டு திரிஞ்சனீ? நான் அண்டைக்கே இதைக் கழிச்சு விட்டிட்டன் மச்சான். நீ கடலுக்க போட்டிருப்பாய் எண்டெல்லோ நினைச்சன். உன்னைப் பாக்கத்தான்டா வந்தனான்."

"சிரிக்காத. வாயால சொல்லு."

"என்னத்தைச் சொல்ல?"

"பொறுத்தன் எண்டு சொல்லு. நான் கவனமில்லாம இருந்திட்டன். நாளைக்கு மறுமையில என்னைப் பிடிக்காத."

நண்பரின் சிரிப்பு மெல்ல நின்றது. அவர் இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பொறுத்தனடா. சத்தியமாப் பொறுத்தன்" என்றார். இவர் தோள் குலுங்க அழுதார். எனக்கு நேரே நின்ற இவருடைய மனைவி என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பேன் என்று அவர் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு குனிந்து, நான் பாதி குடித்திருந்த தேத்தண்ணீர்க் கோப்பையை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கனடாவுக்கு இதைத் தூக்கிக்கொண்டு போகவா என்று நண்பர் கணினியை இவரிடமே விட்டுப் போனார். வான் போன பிறகு படலையடியில் நின்று கேட்டேன்.

"நானா, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"உங்கட கையால பழுதாப் போச்செண்டு."

"அவன் என்னிட்டத்தானே சேர் தந்தவன். உங்களிட்ட இல்லையே. உங்களிட்டத் தந்தது நான்தானே" என்றார். என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. தன் கணக்கில் எது சரியோ அதைச் சொன்னார். அதில் நான் இல்லவே இல்லை. என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகும் நான் இரண்டு மூன்று தடவை போனேன். கதிரை போட்டார், பேசினார், மழையைப்பற்றி, நோயைப்பற்றி. மேசை வெறுமையாக இருந்தது. பிறகு நான் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

சென்ற நோன்பு முடிந்து சில வாரங்களில் அவர் மௌத்தானார். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர் எங்கள் வழக்கப்படி குடும்பத்தில் ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். அவருடைய மருமகன் நின்றார்.

"எங்கட மாமா ஆருக்கும் கடன் குடுக்க இருந்தா, ஆர்ட அமானிதமும் அவரிட்ட இருந்தா, என்னிட்டச் சொல்லுங்க, நான் பொறுப்பு. அவரால ஆருக்கும் மனவருத்தம் இருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க."

இரண்டாவது வரிசையில் நின்றேன். அந்த இடத்தில் நான் சொல்லவேண்டியதைச் சொல்ல நாலு வார்த்தை போதும். சனம் "பொறுத்தோம்" என்றது. சனத்தோடு சேர்ந்து நானும் "பொறுத்தோம்" என்றேன்.

அன்று மாலை கனடாவிலிருந்து நண்பர் எனக்குப் பேசினார். முதலில் அழுதார். பிறகு, இறந்தவரைப்பற்றிப் பேசும்போது சிரிப்பு வருமே, அப்படிச் சிரித்தார்.

"சேர், அந்த மெஷினை உடைச்சுப்போட்டு அண்டைக்கு அழுதானே, நினைவிருக்கா? என்ட பேரப்பிள்ளையளுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறனான். பாவம், வயசாக அவனுக்குக் கை நடுங்கத் தொடங்கியிருக்கும், என்ன?"

"ஓம்," என்றேன், "கொஞ்சம் நடுக்கம் இருந்ததுதான்."

அவர் கை ஒருநாளும் நடுங்கியதில்லை.